இந்தத் தாள் எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக ஆவணக் காப்பாளரின் பணி: ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் தன்னாட்சி இல்லாத கல்லூரி ஒன்றில் 1994ஆம் ஆண்டு பட்டப்படிப்பை முடித்த ஒருவர், தம் மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிட்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படித்தது சேலத்தில். தேர்வு எழுதிய கூடமும் சேலத்தில். ஆகவே தம் மதிப்பெண்கள் பதிவான ஏடும் சேலத்துப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும் என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் அது இங்கே இல்லை. பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில். அதற்கு முன் இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. வினாத்தாள் தயாரித்ததும், விடைத்தாள்களைத் திருத்துவித்ததும், பட்டம் வழங்கியதும் சென்னைப் பல்கலைக்கழகமே என்பதால், அந்த வேலையின்போது உருவான மதிப்பெண் பதிவேடும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே உரியது. அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்ட கல்லூரியிடம் சேர்க்கைப் பதிவேடும், மாற்றுச் சான்றிதழின் அலுவலகப் படியும் இருக்கும். ஒரே மனிதரின் ஒரே படிப்பைப் பற்றிய தாள்கள் இரண்டு ஊர்களில் இருக்கின்றன; அப்படி இருப்பதுதான் முறையும்கூட.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் நாங்கள் செய்யும் வேலை முழுவதும் இந்தச் சிறிய எடுத்துக்காட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஓர் ஆவணம் எதைப் பற்றியது என்று நாங்கள் முதலில் கேட்பதில்லை. யார், எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது இந்தத் தாள் உருவானது என்றே கேட்கிறோம். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை ஆவணத்தின் தோற்றுவாய் என்று சொல்லலாம். ஆவணங்களைச் சேர்ப்பது, அடுக்குவது, விவரிப்பது, கழிப்பது, காட்டுவது ஆகிய எல்லாப் பணிகளும் தோற்றுவாயைக் காப்பதிலிருந்தே தொடங்குகின்றன என்பதைப் புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆவணமும்

நூலகமும் ஆவணக் காப்பகமும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு நூல் தன்னளவில் முழுமையானது. காப்பி பயிரிடுதல் பற்றிய நூலுக்கு ஆசிரியர் உண்டு, தலைப்பு உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. அதன் ஒரு படி சேலத்தில் கிழிந்துபோனால் மற்றொரு படி கோவையிலோ சென்னையிலோ கிடைக்கும். அந்த நூலை அலமாரியில் எந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதன் பொருள் மாறுவதில்லை. ஆகவே நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவது மிகவும் பொருத்தமான முறை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, அந்தப் பொருள்வாரியான சிந்தனையின் உச்சங்களில் ஒன்று. நூலக அறிவியல் படித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வருபவர்கள் அதைக் கற்றுத் தேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

ஆவணம் அத்தகையதன்று. ‘மேற்படி கோரிக்கையை ஏற்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரி எழுதப்பட்ட ஒரு கடிதத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். கோரியவர் யார், கோரியது என்ன, ஏன் மறுக்கப்பட்டது என்பவற்றுக்கு அந்தத் தாளில் விடை இல்லை. அதற்கு முன்னால் வந்த மனுவும், அதன்மீது எழுத்தர் எழுதிய குறிப்பும், கண்காணிப்பாளர் ஓரத்தில் எழுதிய கருத்தும், பதிவாளரின் கையொப்பமும் சேர்ந்திருக்கும்போதுதான் அந்த வரிக்கு உயிர் வருகிறது. அந்தக் கடிதத்தின் பாதிப் பொருள் பக்கத்துத் தாளில் இருக்கிறது என்று சொல்லலாம். அந்த அண்டைத் தாள்களைப் பிரித்து வேறு வேறு இடங்களில் வைத்துவிட்டால், ஒரு தாளும் கிழியாமலேயே ஆவணம் அழிந்துபோகும். வேறெங்கும் அதற்குப் படி கிடையாது என்பதால் அந்த இழப்பை ஈடுசெய்ய வழியும் இல்லை.

இந்த உண்மையை உலகம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. பிரான்சில் ஆவணங்களை நூல்களைப் போலவே பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. எந்தத் தாள் எந்த அலுவலகத்துக்கு உரியது என்று தெரியாமல் குழப்பம் பெருகியது. 1841இல் அந்நாட்டு உள்துறை அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, ஓர் அமைப்பிலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த ஆவணங்கள் ஒரே தொகுதியாக நிலைக்க வேண்டும், பிறவற்றோடு கலக்கக் கூடாது என்று வகுத்தது. 1898இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆவணக் காப்பாளர்கள் மூவர் எழுதிய கையேடு இந்த நெறியை மேலும் விரித்தது. ஒரு தொகுதி கலக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அதை உருவாக்கிய அலுவலகம் எந்த வரிசையில் வைத்துப் பயன்படுத்தியதோ அந்த வரிசையும் காக்கப்பட வேண்டும் என்பது அந்த நெறியின் மறுபாதி. இதை மூல ஒழுங்கு என்கிறோம்.

நம் அலுவலகங்களில் மூல ஒழுங்கு

மூல ஒழுங்கு என்ற சொல் புதிதாகத் தோன்றினாலும், தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்றில் சில மாதங்கள் பணியாற்றியவர்களுக்கு அது கண்ணெதிரே இருப்பதுதான். தபாலில் வரும் கடிதத்துக்குப் பகிர்மானப் பதிவேட்டில் எண் விழுகிறது. பிரிவு எழுத்தர் அதைத் தம் தன்பதிவேட்டில் ஏற்றுகிறார். அதற்கு, கோப்பை அடையாளம் காட்டும் ‘ந.க. எண்’ ஒன்று அமைகிறது. கோப்பின் ஒரு பகுதியில் குறிப்புகளும் மறுபகுதியில் கடிதப் போக்குவரத்தும் பக்க எண்ணோடு வளர்கின்றன. முடிவு கிடைத்தபின் கோப்பு டேக் போட்டுக் கட்டப்பட்டு, ஆண்டும் எண்ணும் எழுதப்பட்டு, பதிவறைக்குச் செல்கிறது. தன்பதிவேட்டைத் திறந்தால், எந்த நாளில் எந்தக் கடிதம் வந்தது, எத்தனை நாள் யாரிடம் இருந்தது, எந்த நாளில் முடிந்தது என்ற கதை முழுவதும் தெரியும். அதனால்தான் கோப்புகளோடு தன்பதிவேடுகளையும் பகிர்மானப் பதிவேடுகளையும் அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறோம். பழைய பதிவேடுதானே என்று அதை எடைக்குப் போட்டுவிட்டு, கோப்புகளை மட்டும் பத்திரமாக அனுப்பிவைக்கும் அலுவலகங்கள் உண்டு. பூட்டை அனுப்பிவிட்டுச் சாவியைத் தூக்கி எறிவதற்கு ஒப்பானது அது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்திலிருந்து சில பழைய கட்டுகள் வந்தன. அனுப்பியவர் நல்ல மனம் படைத்தவர். எங்களுக்கு வேலை குறையட்டும் என்று, கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, மனுக்கள் ஒரு பக்கம், ஆணைகள் ஒரு பக்கம், ரசீதுகள் ஒரு பக்கம் என்று பிரித்து அழகாக அடுக்கி அனுப்பியிருந்தார். எந்த மனுவுக்கு எந்த ஆணை என்பதைக் கண்டுபிடிக்க, தாளின் ஓரத்தில் டேக் துளைகள் விழுந்திருந்த இடத்தையும், மையின் நிறத்தையும், மழைநீர் ஊறிய கறை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தொடர்ந்த விதத்தையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். பாதிக்கு மேல் சேரவில்லை. அந்த நாட்களில்தான் ஒழுங்கு என்ற சொல்லுக்கு நான் புதுப் பொருள் கற்றேன். பார்வைக்கு ஒழுங்காக இருப்பது வேறு. நடந்த வேலையின் ஒழுங்கைக் காட்டுவது வேறு.

ஏற்காட்டிலிருந்து வரும் டிரங்குப் பெட்டி

பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் பல்கலைக்கழகத்தின் கோப்புகளோடு நின்றுவிடுவதில்லை. வட்டாரத்தின் குடும்பங்களும் சங்கங்களும் தோட்டங்களும் தம்மிடமுள்ள பழைய தாள்களைக் கொடையாகத் தரும்போது அவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரின் வரலாறு, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்திலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. அத்தகைய மலையில் ஒரு பழைய காப்பித் தோட்டத்தின் பங்களா பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி எங்களிடம் வருகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். உள்ளே கூலியாட்களின் வருகையைக் குறித்த செக்ரோல் ஏடுகள், வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, நாள்தோறும் மழையளவைக் குறித்த ஒரு நோட்டு, காப்பிக் கொட்டை மூட்டைகளை மலையிறக்கிய கணக்கு, சில புகைப்படங்கள் ஆகியவை இருக்கின்றன.

பொருள்வாரியாகச் சிந்திப்பவர் மழை நோட்டைப் புவியியல் துறைக்கும், புகைப்படங்களை வரலாற்றுத் துறைக்கும், கணக்கேடுகளை வணிகவியல் துறைக்கும் அனுப்பிவிடுவார். ஒவ்வொரு துறையும் மகிழும். ஆனால் அந்தப் பெட்டி சொல்லவந்த செய்தி அன்றே முடிந்துபோகும். சேர்த்தே வைத்துப் படிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்ய வேண்டிய பூ மழை ஓராண்டு பெய்யவில்லை என்பதை மழை நோட்டின் வெற்றுக் கட்டங்கள் காட்டுகின்றன. காப்பிச் செடிக்கு அந்த மழை தவறினால் பூப்பது கெடும். பூப்பது கெட்டால் காய்ப்பு குறையும். அந்த ஆண்டின் இறுதியில், பழம் பறிக்கும் மாதங்களில், செக்ரோல் ஏட்டில் ஆள் எண்ணிக்கை பாதியாகிறது. மலையிறங்கிய மூட்டைகளின் கணக்கும் மெலிகிறது. அடுத்த தையில் வங்கிக்குத் தவணை கேட்டு ஒரு கடிதம் போகிறது. செக்ரோலில் மறுபடி தோன்றாத பெயர்களுக்கு உரியவர்கள் மலைவாழ் மக்களா, சமவெளியிலிருந்து வந்தவர்களா, அந்த ஆண்டு எங்கே போனார்கள் என்ற கேள்வி ஆய்வாளர் மனத்தில் எழுகிறது. தனித்தனியே இருந்தால் மழையளவாகவும் கூலிக்கணக்காகவும் கடன் கடிதமாகவும் மட்டுமே இருந்திருக்கக் கூடியவை, ஒன்றன்பக்கத்தில் ஒன்று இருக்கும்போது ஒரு மலையின் ஓராண்டு வாழ்க்கையாகின்றன. தோற்றுவாயைக் காப்பது என்பதன் பயன் இதுவே.

அப்படியானால் புவியியல் துறை மாணவர் அந்த மழை நோட்டை எவ்வாறு கண்டடைவார்? அதற்குத்தான் விவரிப்பு. ஆவணத்தைப் பிரித்து வைக்காமல், விவரிப்பில் பல வழிகளைத் திறந்து வைக்கிறோம். பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றம் வகுத்த விவரிப்பு நெறியின்படி, முதலில் முழுத் தொகுதியையும் விவரிக்கிறோம்: உருவாக்கியவர் யார், எந்தக் காலம், எத்தனை அடி நீள அலமாரியை அடைக்கிறது, எவர் கைகளைக் கடந்து நம்மிடம் வந்தது. பிறகு அதனுள் உள்ள வரிசைகளை, அதன்பின் தனிக் கோப்புகளை, தேவையானால் மட்டும் தனித் தாள்களை. மேல்நிலையில் ஒருமுறை சொன்னதைக் கீழ்நிலையில் திரும்பச் சொல்வதில்லை. சொல்லடைவில் ‘மழையளவு, ஏற்காடு’ என்ற பதிவு இருந்தால் போதும்; மாணவர் நோட்டை அடைந்துவிடுவார், நோட்டும் தன் பெட்டியிலேயே இருக்கும்.

கொடை பெறும்போது எழுத்துமூலமான ஒப்பந்தம் ஒன்று அவசியம். பதிப்புரிமை யாரிடம் இருக்கும், எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், பயனற்றது என்று கருதப்படுவதைத் திருப்பித் தருவதா கழிப்பதா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய தொகுதிகள், கொடையாளரின் அடுத்த தலைமுறை வந்து நிற்கும்போது பெரும் சங்கடத்தைத் தருகின்றன.

எதை வைப்பது, எதைக் கழிப்பது

ஆவணக் காப்பாளர் என்றால் எல்லாத் தாள்களையும் சேர்த்து வைப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உருவாகும் தாள்களில் மிகப் பெரும்பகுதி முறைப்படி கழிக்கப்பட வேண்டியது. அலுவலகங்களில் முடிந்த கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகைப்படுத்தும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கடிதங்களின் தலைப்பில் காணும் ‘மூ.மு.’, ‘ப.மு.’ என்ற எழுத்துகள் அந்த வகைகளைக் குறிப்பவையே. பல்கலைக்கழகத்திலும் இதே போன்ற தக்கவைப்பு அட்டவணை ஒன்று வேண்டும். திருத்தி முடித்த விடைத்தாள்களுக்கு, மறுமதிப்பீட்டுக்கும் வழக்குகளுக்கும் உரிய காலம் கடந்தபின் வேலையில்லை. ஆனால் மதிப்பெண் பதிவேடு ஒருநாளும் கழிக்கப்படக் கூடாதது. நாற்பது ஆண்டு கழித்தும் ஒருவர் அதைத் தேடி வருவார். ஆட்சிக்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், பாடத்திட்டக் குழுக்களின் தீர்மானங்கள், கட்டட வரைபடங்கள், பணிப்பதிவேடுகள், இணைவு பெற்ற கல்லூரிகளின் ஆய்வு அறிக்கைகள் ஆகியவையும் நெடுங்காலம் வாழ வேண்டியவை.

இங்கும் தோற்றுவாயே வழிகாட்டுகிறது. ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் பதிவாளர் அலுவலகத்திலும், நிதிப் பிரிவிலும், சம்பந்தப்பட்ட துறையிலும் மூன்று படிகளாக இருக்கும். எல்லாவற்றையும் வைக்க இடமில்லை. கூட்டத்தை நடத்தி, குறிப்பெழுதி, உறுதி செய்த அலுவலகத்தின் படியே மூலம். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கலாம். ஆனால் நிதிப் பிரிவின் படியில் நிதி அலுவலர் தம் கைப்பட மாறுபட்ட கருத்தை எழுதியிருந்தால், அது படி என்ற நிலையைக் கடந்து தானே ஒரு மூலமாகிவிடுகிறது. கழிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கழிப்பதும் ஓர் ஆவணச் செயல். கழிக்கும் கோப்புகளின் பட்டியல், உரிய அதிகாரியின் ஒப்புதல், நீதிமன்ற வழக்கோ தணிக்கைத் தடையோ தகவல் உரிமை மனுவோ நிலுவையில் இல்லை என்ற சான்று, கழித்த நாள், கழித்த முறை ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மட்டும் நிரந்தரமாக இருக்கும். மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இதை வலியுறுத்துகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தை அச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அதன் நெறி எங்களுக்கும் நல்ல அளவுகோலே.

மலையின் ஈரமும் மண்ணின் வெயிலும்

தாளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில். மலையில் மூடுபனியும் ஈரமும். நகரத்தில் சித்திரை வெயில். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். மிகக் குறைந்தால் தாள் நொறுங்கும். ஆகவே மலையிலிருந்து இறங்கிய பெட்டியை வந்த அன்றே திறந்து மின்விசிறிக்குக் கீழே பரப்புவது பெரும் தவறு. பூஞ்சைத் துகள்கள் அறை முழுவதும் பரவும். பெட்டியைத் தனி அறையில் வைத்து, மெல்லப் புதிய சூழலுக்குப் பழக்கி, பூச்சியும் பூஞ்சையும் இல்லை என்று உறுதி செய்தபின்பே காப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காப்பறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. அளவு சற்று முன்பின்னாக இருப்பதைவிட, பகலில் குளிர்சாதனமும் இரவில் நிறுத்தமுமாக அது நாள்தோறும் ஏறி இறங்குவதே தாளுக்கு அதிகக் கேடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த தாளில் அமிலம் மிகுதி. அதனால்தான் துணிக் கந்தலிலிருந்து செய்த முந்நூறு ஆண்டுப் பழைய தாள் இன்றும் வளைந்து கொடுக்க, அறுபது ஆண்டுப் பழைய சுற்றறிக்கை மடிப்பில் உடைகிறது. குண்டூசிகளும் ஸ்டேப்பிள் கம்பிகளும் துருப்பிடித்துத் தாளை அரிக்கின்றன. அவற்றை நீக்கிப் பருத்தி நாடாவால் கட்டுகிறோம். கிழிசலுக்கு ஒட்டும் டேப் போடுவதை எவரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும். பழுப்புப் பசைக்கறை மட்டும் நிலைத்துவிடும். மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு செய்யும் செப்பனிடல், வேண்டும்போது நீரால் அகற்றக்கூடியது. 1990களின் ஃபேக்ஸ் தாள்களுக்கு இன்னும் அவசரம். வெப்பத்தால் எழுத்து தோன்றும் அந்தத் தாளில் எழுத்து தானாகவே மங்கி மறைந்துவிடும் என்பதால், கண்ணில் பட்டவுடன் நகலெடுத்து உடன் சேர்த்து வைக்க வேண்டும்.

கணினியில் பிறந்தவை

ஸ்கேன் செய்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை அலுவலகங்களில் வலுவாக இருக்கிறது. ஸ்கேன் என்பது ஒரு நகல். அந்த நகலுக்கு எந்தத் தொகுதி, எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம் என்ற விவரம் உடன் இல்லாவிட்டால், கணினித் திரையில் பல்லாயிரம் அநாதைப் படங்களே மிஞ்சும். முன்பு அவிழ்த்த கட்டுகளைப் பற்றிச் சொன்னேனே, அதே இழப்பு இங்கு மிக எளிதாக நேர்கிறது.

தமிழ்நாட்டில் இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. 1990களிலும் அதற்குப் பின்னரும் நம் அலுவலகங்களில் தமிழ்க் கடிதங்கள் ‘வானவில்’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அந்த எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறிஎண்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் கடிதம் தமிழாகத் தெரியும்; இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறிஎண் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பின்னும், அதற்கு முந்தைய கோப்புகள் பழைய குறுந்தட்டுகளிலும் வன்தட்டுகளிலும் அப்படியே கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்களான மாற்றிகள் உண்டு. ஆயினும் ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், இரண்டுக்கும் ஒரே குறிஎண்கள் என்பதால், ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் பட்டங்களும் தமிழ்க் குழறலாக மாறிவிடும். ஆகவே மாற்றிய வடிவத்தோடு மூலக் கோப்பையும் வைக்கிறோம். எந்த எழுத்துருவில் இருந்தது, எந்த மாற்றியைக் கொண்டு எந்த நாளில் மாற்றினோம் என்பதையும் எழுதி வைக்கிறோம். கூடவே, எழுத்துரு உள்ள கணினியில் அந்தப் பக்கம் எவ்வாறு தெரிந்ததோ அதை நெடுங்காலப் பயன்பாட்டுக்கு உரிய பி.டி.எஃப்.-ஏ வடிவில் சேமிக்கிறோம். இந்த எழுத்துருக்களை அறிந்த தட்டச்சர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். பனையோலைச் சுவடியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நாம் 1998ஆம் ஆண்டின் குறுந்தட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு மின்கோப்புக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தால், கோப்பில் ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது பலரும் பின்பற்றும் ஏற்பாடு. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேமித்து வைக்க, பல்கலைக்கழக நூலகங்களுக்கான இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா இணையதளம் இருப்பதால் அந்தப் பகுதியில் சுமை சற்றுக் குறைவு. எனினும் ஆய்வேட்டின் பின்னணியில் உள்ள கோப்பு, அதாவது பதிவு விண்ணப்பமும் நெறியாளர் மாற்ற ஆணையும் தேர்வாளர் அறிக்கையும், எங்கள் பொறுப்பே.

யாருக்குக் காட்டலாம்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே, பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு அடைவு செய்து வைக்க வேண்டும் என்கிறது. மனு வந்தபின் முப்பது நாளில் பதில் தருவதைப் பற்றி அனைவரும் பேசுகிறோம். அந்தப் பதிலைத் தர வேண்டுமானால் கோப்பு எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் முதலிலேயே சொல்லிவிட்டது. மறுபுறம், மாணவர்களின் மதிப்பெண்கள், சாதிச் சான்றிதழ்கள், மருத்துவ விடுப்பு மனுக்கள், ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவை தனிமனிதர்களின் வாழ்க்கை. ஆய்வாளர் கேட்கிறார் என்பதற்காக எதையும் எடுத்து நீட்ட முடியாது. எந்தத் தொடர் எவருக்கு, எத்தனை ஆண்டுக்குப் பின் திறக்கப்படும் என்ற விதியை முன்கூட்டியே எழுதி அறிவித்துவிட்டால், முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிலை வராது.

வாசகர் தேடுவது எங்களிடம் இல்லாதபோதும் தோற்றுவாய் கைகொடுக்கிறது. தொடக்கத்தில் சொன்ன மதிப்பெண் பட்டியல் ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் காலச் சேலத்தைப் பற்றி ஆராய்பவர், 1792இல் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தபின் அதன் அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்தில் எழுதப்பட்டவற்றைத் தேடினால், அவர் செல்ல வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிருஷ்ணகிரி வட்டத்தின் 1950களின் வருவாய் நிர்வாகத்தைத் தேடுபவர், தருமபுரி மாவட்டம் 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது என்பதை நினைவிற்கொண்டு, சேலம் மாவட்ட ஆவணங்களிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். எல்லைகள் மாறும், ஆவணம் தன்னை உருவாக்கிய அலுவலகத்தின் பெயரையே சுமந்திருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு

இந்தப் பணிக்கு நூலக அறிவியல் பட்டம் பொதுவாக வழியாகிறது. வரலாறு படித்தவர்களும் வருகிறார்கள். புதுதில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஆவணவியல் பள்ளியில் முறையான பயிற்சி கிடைக்கிறது. பழைய கையெழுத்துகளைப் படிக்கும் பொறுமையும், அலுவலக நடைமுறையை அறியும் ஆர்வமும் பட்டத்தோடு சேர வேண்டும். ஒரு கோப்பு எவ்வாறு உருவாகிறது என்று அறிய, பதிவறை எழுத்தர் ஒருவரின் பக்கத்தில் ஒரு வாரம் அமர்ந்திருப்பதைப் போன்ற பாடம் வேறில்லை.

புதியவர்களிடம் ஒரு கட்டைக் கொடுக்கும்போது, முதல் நாள் அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்வது வழக்கம். கட்டியிருக்கும் துணியின் நிறம், முடிச்சில் செருகிய சீட்டு, மேல் தாளில் உள்ள முத்திரை, கட்டு வந்த அலுவலகம், கொண்டுவந்தவர், நாள் ஆகியவற்றை வரவுப் பதிவேட்டில் எழுதச் சொல்வோம். பிறகு நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்வோம். மறுநாள் அவிழ்த்து, தாள்களை இருக்கும் வரிசையிலேயே வைத்து, மென்மையான பென்சிலால் ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் எண் இட வேண்டும். வரிசை தவறாகத் தோன்றினாலும் மாற்றக் கூடாது. எண் இட்டு முடித்தபின், இந்தத் தாள் ஏன் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே ஒருமுறை படிக்க வேண்டும்.